பண்ணையையும் அளந்து பாருங்கள்

நெடுஞ்சாலைகளைத் திட்டமிடும் பொறியாளர்களுக்கும், அவற்றுக்காக நிலம் எடுக்கும் வருவாய்த் துறை அலுவலர்களுக்கும்,

ஒரு பெருஞ்சாலை எந்த ஊர் வழியாகப் போக வேண்டும், எந்தப் புல எண்ணில் எத்தனை சென்ட் எடுக்க வேண்டும், அதற்கு என்ன விலை என்பதையெல்லாம் முதலில் காகிதத்தில் எழுதுபவர்கள் நீங்கள். அமைச்சர்கள் அறிவிக்கிறார்கள், நீதிமன்றங்கள் பிறகு விசாரிக்கின்றன. ஆனால் ஒரு விவசாயக் குடும்பத்தின் தொழில் நிலைக்குமா, முடியுமா என்பது பெரும்பாலும் உங்கள் வரைபடத்திலும் அளவைப் பதிவேட்டிலும் முடிவாகிவிடுகிறது. அதனால்தான் இந்த மடலை உங்களுக்கு எழுதுகிறேன். 2018-இல் அறிவிக்கப்பட்ட சென்னை–சேலம் எட்டுவழிச் சாலைத் திட்டத்தை முன்வைத்தே பேசுகிறேன். மத்திய அரசின் பாரத்மாலா நெடுஞ்சாலைத் திட்டத்தின் கீழ், காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் மாவட்டங்கள் வழியே 277 கிலோமீட்டர் நீளத்துக்கு, சுமார் 10,000 கோடி ரூபாயில் போட நினைத்த சாலை அது. அதைப் பற்றிய வாதங்கள் காடு, மலை, சுற்றுச்சூழல் அனுமதி, சட்ட நடைமுறை என்று நடந்தன. அவை நடக்க வேண்டிய வாதங்களே. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பண்ணையத்தின் நடுவே சாலை போனால் அந்தத் தொழில் என்ன ஆகிறது என்ற கேள்விக்கு அவற்றில் உரிய இடம் கிடைக்கவில்லை. நான் சொல்ல வருவது ஒன்றுதான்: நிலமெடுப்பு பரப்பளவைக் கணக்கிடுகிறது; பண்ணையத்துக்கு வரும் சேதம் பரப்பளவின் விகிதத்தில் வருவதில்லை. அந்த இடைவெளியை அடைக்கும் பொறுப்பும், அதற்கான சட்ட வழியும் உங்கள் கையில் இருக்கின்றன.

சேலம், தருமபுரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் அமைப்பைப் பாருங்கள். ஒரு கிணறு, அதில் ஒரு மோட்டார், மின்இணைப்பு, அங்கிருந்து வயல்களுக்குப் பதித்த குழாய், மேட்டில் ஒரு வீடு, வீட்டை ஒட்டி மாட்டுக் கொட்டகை, சாணம் சேரும் எருக்குழி, கதிரடிக்கவும் கடலை காயவைக்கவும் ஒரு களம், ஊர்ச் சாலைக்குப் போக ஒரு வண்டித்தடம். நிலத்தில் ஒரு பங்கு மஞ்சளோ மரவள்ளியோ இருக்கும். ஒரு பங்கில் தென்னையும் மாவும். ஓரத்தில் தீவனப் புல். பால் பணம் அன்றாடச் செலவைத் தாங்குகிறது. கடலையும் நெல்லும் ஆறு மாதச் செலவைத் தாங்குகின்றன. மரங்கள் படிப்புச் செலவையும் திருமணத்தையும் முதுமையையும் தாங்குகின்றன. மாட்டின் எரு நிலத்துக்குப் போகிறது. நிலத்தின் தட்டும் கொடியும் மாட்டுக்கு வருகின்றன. இதில் எந்த உறுப்பும் தனியாக வருமானம் தருவதில்லை. ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரே குடும்பத்தின் உழைப்பில் சுற்றும்போதுதான் அது தொழில். அதனால் எத்தனை சென்ட் போயிற்று என்பதைவிட எந்த உறுப்பு போயிற்று என்பதே பெரிய கேள்வி. மூன்று ஏக்கரில் பத்து சென்ட் மட்டும் எடுத்தாலும், அந்தப் பத்து சென்டில் கிணறு இருந்தால் மூன்று ஏக்கரும் மானாவாரிக் காடாகிவிடும். எடுப்புப் பதிவேட்டில் அது பத்து சென்ட் என்றுதான் பதிவாகும்.

பரப்பளவுக் கணக்கையே எடுத்துக்கொண்டு பார்த்தாலும் அது முழு உண்மையைச் சொல்வதில்லை. இத்தகைய விரைவுச் சாலைக்கு எழுபது மீட்டர் அகல நிலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஏழு ஹெக்டேர், அதாவது பதினேழு ஏக்கருக்குச் சற்று மேல். 2015–16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு கைப்பற்றின் சராசரிப் பரப்பு 0.75 ஹெக்டேர்; கைப்பற்றுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சிறு, குறு விவசாயிகளுடையவை. அந்தச் சராசரி நிலம் சதுரமாக இருந்தால் பக்கம் சுமார் 87 மீட்டர். எழுபது மீட்டர்ச் சாலை அதன் நடுவே போனால் இரு பக்கமும் எட்டு மீட்டர் அகலத்தில் இரண்டு கீற்றுகள் மிஞ்சும். டிராக்டர் திரும்ப அந்த அகலம் போதாது. மூன்று ஏக்கர் சதுர நிலமானால் பக்கம் 110 மீட்டர்; சாலைக்கு 1.9 ஏக்கர் போக, இரு புறமும் இருபது மீட்டர் அகலத்தில் அரை ஏக்கர் அரை ஏக்கராக மிஞ்சும். சாலை குறுக்காக அறுத்துக்கொண்டு போனால் மிஞ்சுவது முக்கோணங்கள். அவற்றின் கூர்முனைகளில் ஏர் திரும்பாது, சொட்டுநீர்க் குழாயும் ஒழுங்காக அமையாது. உங்கள் பதிவேட்டில் இந்த மிச்சங்கள் ‘எடுக்கப்படாத நிலம்’. உழைப்பவருக்கு அவை செலவுக்குக் கட்டாத நிலம். எடுக்கப்பட்ட பகுதிக்குப் பணம் கிடைக்கிறது. பயனிழந்த மிச்சம், வரியும் வேலியும் கேட்டுக்கொண்டு, அவர் பெயரிலேயே நின்றுவிடுகிறது.

தண்ணீர்தான் இதில் மிகப் பெரிய இழப்பு. இந்த மாவட்டங்களின் பெரும்பகுதி கடினப் பாறை நிலம். தண்ணீர் பாறையின் வெடிப்புகளிலும் மேலடுக்குச் சிதைவிலும் மட்டுமே தங்குகிறது. ஒரு கிணற்றில் ஊற்று நன்றாக இருக்கும். ஐம்பது மீட்டர் தள்ளி வெட்டினால் வெறும் பாறையாக இருக்கும். ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் காணாத ஆழ்துளைக் கிணறுகள் இந்தப் பகுதியில் அரிதல்ல. ஆகவே ஊற்றுள்ள கிணறு என்பது வெட்டிய ஆழமும் கட்டிய கல்லும் மட்டுமல்ல. அந்த இடத்தில் தண்ணீர் உண்டு என்று உறுதிப்பட்ட அறிவும் அதில் அடங்கும். அதை ஒரு கட்டுமானமாக மட்டும் மதிப்பிட்டுத் தொகை தந்தால், வேறொரு குழி தோண்டும் செலவை ஈடுகட்டலாம். அங்கே தண்ணீர் வரும் என்பதை ஈடுகட்ட முடியாது. கிணற்றோடு சேர்ந்து இன்னொன்றும் போகிறது. 1990 முதல் தமிழ்நாட்டில் வேளாண் மோட்டார்களுக்கு மின்சாரம் இலவசம். அந்த இணைப்புக்காக லட்சக்கணக்கானோர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்ததால்தான் 2021-இல் ஒரே ஆண்டில் ஒரு லட்சம் இணைப்புகள் தரும் திட்டத்தை அரசு தொடங்க வேண்டியிருந்தது. கிணறு போய், இணைப்பை வேறிடத்துக்கு மாற்ற மனு போட்டு, கம்பம் நட்டு, மீண்டும் மின்சாரம் வரும்வரை வயல் காயும். தென்னை ஒரு கோடை முழுவதும் தண்ணீரில்லாமல் இருந்தால் அதன் விளைவு அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக் காய்ப்பில் தெரியும். இந்தத் தொடர் இழப்புக்கு எடுப்புப் பதிவேட்டில் பத்தி இல்லை.

கிணறு தப்பினாலும் வழி தப்புவது கடினம். நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட விரைவுச் சாலை இரு பக்கமும் வேலியிட்டது. நினைத்த இடத்தில் ஏறவோ கடக்கவோ முடியாது. வீடும் கொட்டகையும் ஒரு பக்கம், தீவனப் புல்லும் கிணறும் மறுபக்கம் என்று ஆனால் அருகிலுள்ள கீழ்ப்பாலம்வரை சுற்றித்தான் போக வேண்டும். பால் மாட்டுத் தொழிலில் காலையும் மாலையும் கறவை. கறந்த பால் குறித்த நேரத்துக்குள் சங்கத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் ஒன்றரை கிலோமீட்டர் கூடினால், புல்லறுக்கவும் மாடு ஓட்டவும் தண்ணீர் மாற்றவும் என நாளுக்கு நான்கு முறை போய்வரும் வீட்டில் பன்னிரண்டு கிலோமீட்டர் சேர்ந்துவிடும். இந்த வேலைகளில் பெரும்பங்கு பெண்களுடையது. கூடும் நேரமும் அவர்கள் நாளிலிருந்துதான் போகிறது. கதிரறுக்கும் இயந்திரத்தை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுப்பவர்கள் அது சுற்றி வரும் நேரத்துக்கும் பணம் கொடுக்கிறார்கள். கீழ்ப்பாலம் தாழ்ந்ததாகவோ குறுகியதாகவோ இருந்தால், மழையில் தண்ணீர் தேங்கினால், கரும்பு லாரி உள்ளே வராது. பிடுங்கிய மரவள்ளிக் கிழங்கு ஓரிரு நாளுக்குள் சேகோ ஆலைக்குப் போகாவிட்டால் கெட்டுவிடும். வண்டி தாமதமானால் விலையை வாங்குபவரே முடிவு செய்வார். எடுக்கப்பட்ட சென்டுகளோடு இந்தச் செலவுகளுக்கு எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு சென்ட்கூட இழக்காத பக்கத்துத் தோட்டக்காரரும் இவற்றைச் சுமப்பார்.

வெள்ளமும் அப்படித்தான். சமவெளியில் உயர்த்திப் போடும் சாலை பல கிலோமீட்டர் நீளக் கரை. பெரிய ஓடைகளுக்கும் ஆறுகளுக்கும் பாலம் அமைக்கிறீர்கள். ஆனால் திருவண்ணாமலை, காஞ்சிபுரம் மாவட்டங்களின் ஏரிகள் பெரிய ஓடைகளை மட்டும் நம்பி நிரம்புவதில்லை. மானாவாரிச் சரிவுகளில் பரவலாக ஓடி வரும் மழைநீரும், பதிவேட்டில் பெயரில்லாத சிறு வரத்துக்கால்களும் சேர்ந்துதான் ஏரியை நிரப்புகின்றன. ஒரு ஏரியின் உபரி அடுத்த ஏரிக்குப் போகிறது. சாலைக் கரை அந்த வரத்தை ஒரு சில சிறுபாலங்களுக்குள் திருப்பிவிட்டால் மேல்புறம் பயிர் மூழ்கும். கீழ்ப்புறம் ஏரிக்கு வர வேண்டிய நீர் வராது. பாசனம் குறைவது ஆயக்கட்டு முழுவதற்கும். அவர்களில் பலருடைய புல எண் உங்கள் அறிவிப்பில் வந்தே இருக்காது. இழப்பீடு கேட்கும் தகுதியும் அவர்களுக்கு இருக்காது. தூசியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் மல்பெரி வளர்த்துப் பட்டுப்புழு வளர்ப்பவர்கள் உண்டு. தூசி படிந்த இலையைத் தின்னும் புழுவின் கூட்டுத் தரம் குறையும். மாம்பூ விடும் பருவத்தில் மண்வேலை நடந்தால் அந்தத் தோப்பின் ஓராண்டுக் காய்ப்பே ஆபத்தில் இருக்கும்.

சாலை வருவதற்கு முன்பே தொடங்கும் இழப்பும் ஒன்று உண்டு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3A பிரிவில் அறிவிப்பு வந்த நாள் முதல் அந்தப் புல எண்ணில் யாரும் துணிந்து முதல் போட மாட்டார்கள். புதுக் குழாய் பதிக்க முடியாது. தென்னங்கன்று வைக்க மனம் வராது. வாங்க ஆள் வராது. கடன் கேட்டால் சங்கமும் வங்கியும் தயங்கும். ஆட்சேபிக்க 21 நாள் அவகாசம். 3D அறிவிக்கை வெளியானதும், இழப்பீடு நிர்ணயிக்கப்படும் முன்பே, நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். தொகையைச் செலுத்திய பிறகு, அறிவிப்புக் கொடுத்து 60 நாளுக்குள் நிலத்தை ஒப்படைக்கச் சொல்லலாம். மஞ்சள் எட்டு ஒன்பது மாதப் பயிர், மரவள்ளிக்கும் ஏறக்குறைய அதே காலம், கரும்புக்கு ஓராண்டு. அறுபது நாளில் எதுவும் கரைசேராது. சேலம் திட்டத்தில் இந்த நிச்சயமின்மை ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2019 ஏப்ரல் 8-இல் சென்னை உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் 3A அறிவிப்புகள் செல்லும் என்றது. ஆனால் எடுப்பு முழுமையாகும் முன்பே அரசின் பெயருக்கு மாற்றப்பட்ட வருவாய்ப் பதிவுகளைப் பழையபடி உரிமையாளர்கள் பெயருக்கே திருப்ப வேண்டும் என்பதை இரு நீதிமன்றங்களும் ஏற்றன. பட்டாவில் பெயர் மாறினால் ஒரு விவசாயிக்குப் பயிர்க்கடனும் காப்பீடும் மானியமும் சிக்கலாகும். இந்த ஆண்டுகளில் எடுக்காமல் விட்ட முடிவுகளின் விலையை யாரும் கணக்கிடவில்லை. கணக்கிட்டிருந்தால் அது சாலையே போடாமல் ஏற்பட்ட சேதமாக இருந்திருக்கும்.

இவையெல்லாம் சட்டத்துக்கு வெளியே உள்ள புலம்பல்கள் என்று நீங்கள் நினைக்க வேண்டாம். தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-இன் 3G(7) உட்பிரிவு, இழப்பீடு நிர்ணயிக்கையில் நிலத்தின் சந்தை மதிப்போடு, ஒருவருடைய மற்ற நிலத்திலிருந்து எடுக்கப்பட்ட நிலம் பிரிக்கப்படுவதால் வரும் சேதத்தையும், மற்ற சொத்துக்கோ வருமானத்துக்கோ நேரும் பாதிப்பையும், இருப்பிடம் அல்லது தொழிலிடம் மாற்றும் நியாயமான செலவையும் பார்க்கச் சொல்கிறது. 2013-ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவும் இவற்றையே விரிவாகச் சொல்கிறது. நிற்கும் பயிரையும் மரத்தையும், இடைப்பட்ட காலத்தில் குறையும் லாபத்தையும், நீதியின் பொருட்டு வேறு எந்தக் காரணத்தையும் சேர்க்க இடம் தருகிறது. ஆக, பண்ணையம் ஒரு தொழில் என்பதைச் சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நடைமுறையில் நிலம், கட்டடம், மரம் என்ற மூன்று தலைப்புகளே எடை பெறுகின்றன. பிரிவுச் சேதமும் வருமான இழப்பும் விவசாயி தானே கேட்டு, தானே நிரூபித்து, வேண்டுமானால் நடுவரிடம் போய்ப் பெற வேண்டியவையாக நின்றுவிடுகின்றன. இன்னொரு ஒப்பீடும் கவனிக்கத்தக்கது. 2013 சட்டத்தின் 94-ஆம் பிரிவின்படி, ஒரு வீட்டிலோ தொழிற்கூடத்திலோ ஒரு பகுதியை மட்டும் எடுக்க முனைந்தால், முழுவதையும் எடுத்துக்கொள்ளும்படி உரிமையாளர் கோரலாம். பாதித் தொழிற்கூடம் தொழிற்கூடமாகாது என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. பாதிப் பண்ணையத்தின் உரிமையாளருக்கு அந்த உரிமை எழுதப்படவில்லை. நியாயத்தில் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

இழப்பீடு இப்போது தாராளமாகத்தானே வருகிறது, அந்தப் பணத்தில் வேறு நிலம் வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முன்பிருந்த நிலைக்கு இது முன்னேற்றம்தான். சந்தை மதிப்பை ஊரகப் பகுதிகளில் ஒன்று முதல் இரண்டு வரையான பெருக்கியால் பெருக்கி, அதன் மேல் நூறு விழுக்காடு ஆறுதல் தொகை தருவது 2013 சட்டத்தின் சாதனை. நெடுஞ்சாலைச் சட்டத்தில் எடுத்த நிலத்துக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுப்பது செல்லாது என்று 2019-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் நல்லதே. ஆனால் பெருக்கலுக்கு அடிப்படையான எண்ணே குறைவாக இருந்தால் பெருக்கியால் என்ன பயன்? வழிகாட்டி மதிப்பும் முந்தைய மூன்றாண்டுப் பத்திரங்களின் சராசரியுமே அந்த அடிப்படை. தமிழ்நாடு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 விழுக்காடு குறைத்தது. அடுத்த ஆண்டே சேலம் சாலை அறிவிப்பு வந்தது. ஊரில் பாசன நிலம் அடிக்கடி கைமாறுவதில்லை. மாறும்போது பத்திரத்தில் முழு விலை எழுதப்படுவதும் அரிது. இழப்பீடு வாங்கிய நூறு குடும்பங்கள் ஒரே நேரத்தில் அதே வட்டாரத்தில் நிலம் தேடினால் விலை ஏறும். கிணறும் தண்ணீரும் இணைப்பும் மரமும் பாதையும் ஒருங்கே அமைந்த மூன்று ஏக்கரைச் சந்தையில் தேடிப் பாருங்கள். அப்படிப்பட்டதை யாரும் விற்பதில்லை. நாட்டுத் தென்னை நன்கு காய்க்க ஆறேழு ஆண்டு வேண்டும். அந்த ஆண்டுகளுக்குக் குடும்பம் எதைத் தின்று வாழும் என்பதற்கு ஆறுதல் தொகை பதிலாகாது. பெரும்பாலும் அது கடனிலும் வீட்டிலும் கரைந்துவிடும்.

சாலையால் விவசாயிக்கே லாபம், விளைபொருள் விரைவாகச் சந்தைக்குப் போகும், நிலத்தின் விலை ஏறும் என்பது அடுத்த வாதம். நல்ல சாலை விவசாயத்துக்கு வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. கிருஷ்ணகிரி மாம்பழமும் தருமபுரித் தக்காளியும் சாலையில்லாமல் சென்னைக்கு வராது. ஆனால் அந்தப் பொருள்களை ஏற்றும் விவசாயிக்கு முதலில் தேவை தோட்டத்திலிருந்து ஊருக்கும், ஊரிலிருந்து மண்டிக்கும் போகும் நல்ல தார்ச் சாலை. நுழைவு கட்டுப்படுத்தப்பட்ட சாலை, ஏறும் இடம் இருக்கும் ஊர்களுக்கே பயன்படும்; இடைப்பட்ட ஊர்கள் அதன் சத்தத்தையும் வேலியையும் மட்டும் பெறும். லாபம் கிடைப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் இன்னொருவர் என்றால், முன்னவரின் லாபத்தைக் காட்டிப் பின்னவரின் இழப்பைக் கழிக்க முடியாது. நில விலை ஏற்றமும் விற்பவருக்கே லாபம். உழுதுகொண்டே இருக்க விரும்புபவருக்கு அது குத்தகை உயர்வாகவும், அண்டை நிலத்தை வாங்கிச் சேர்க்க முடியாத நிலையாகவுமே வந்து சேரும். பண்ணையத்தை மூடினால்தான் கிடைக்கும் ஆதாயத்தைப் பண்ணையத்துக்கான ஆதாயம் என்று சொல்லக் கூடாது.

ஒவ்வொரு தோட்டத்தையும் இப்படி ஆராய்ந்தால் திட்டம் தாமதமாகும், செலவு ஏறும் என்ற கவலை நேர்மையானது. பொதுப் பணம் செலவாகும் காரியத்தில் காலமும் பணம்தான். ஆனால் சேலம் திட்டம் எதனால் நின்றது என்று பாருங்கள். அவசரமாக நட்ட அளவுக்கற்களும், காவல் துறையோடு நடந்த அளவைப் பணியும், முன்கூட்டி மாற்றிய பதிவுகளும் மக்களை நீதிமன்றத்துக்கு அனுப்பின. அறிவித்து ஆண்டுகள் பல ஆகியும் அந்தச் சாலை எழவில்லை. கேட்டு நடத்திய திட்டம் தாமதமாகும் என்றால், கேளாமல் நடத்திய திட்டம் எப்போது முடிந்தது? எதிர்ப்பு வந்த பிறகு 2018-இலேயே சாலையின் அகலமும் வனப்பகுதி வழியே போகும் நீளமும் குறைக்கப்பட்டன. முதல் வரைபடம் மாற்ற முடியாதது அல்ல என்பதற்கு அதுவே சான்று. மாற்றத்தை எதிர்ப்பு வந்த பின் செய்வதைவிட, கல் நடும் முன்பே செய்வது மலிவு. ஒரு கிணற்றைத் தவிர்க்க வழித்தடத்தை முப்பது மீட்டர் நகர்த்துவது கணினித் திரையில் சிறு வேலை. கல் நட்ட பிறகு அது வழக்கு.

நாடு முழுவதற்குமான சாலையைச் சில ஆயிரம் பண்ணைகளுக்காக வளைக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, வேறு நாடுகள் செய்திருப்பதைச் சொல்கிறேன். பிரான்சில் 1962-ஆம் ஆண்டு வேளாண்மைச் சட்டம், பெரும் பொதுப்பணிகள் பண்ணைகளைச் சிதைத்தால், நில மறுசீரமைப்புக்கும் தொடர்புடைய பணிகளுக்கும் செலவு செய்து அந்தச் சேதத்தைச் சரிசெய்யும் கடமையைப் பணியை நடத்துபவர் மேல் வைத்தது. சாலையின் இரு பக்கமும் சிதறிய துண்டுகளை உரிமையாளர்களுக்கு இடையே மாற்றி, ஒவ்வொருவருக்கும் ஒரே பக்கத்தில் உழத்தக்க நிலமாகச் சேர்த்துத் தருவது அதன் நோக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1973-ஆம் ஆண்டு நில இழப்பீட்டுச் சட்டம், பண்ணையின் ஒரு பகுதியை எடுத்த பின் மிஞ்சும் நிலத்தைத் தனிப் பண்ணையாக நடத்த முடியாது என்றால், அதையும் வாங்கும்படி விவசாயி எதிர் அறிவிப்புத் தர இடமளிக்கிறது. அந்நாடுகளும் நெடுஞ்சாலைகளைக் கட்டி முடித்தன. அவற்றின் பண்ணைகள் நம்முடையவற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. எழுபது மீட்டரை இழந்தாலும் பெரும்பகுதி மிஞ்சும். நம் சிறு பண்ணைக்கு அந்தப் பாதுகாப்பு இன்னும் அதிகமாக வேண்டும்.

பட்டாதாரரோடு நின்றுவிட்டால் கணக்கு பாதிதான். வாய்மொழிக் குத்தகைக்கும் வாரத்துக்கும் உழுபவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. களையெடுப்பவர்கள், பூப்பறிப்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள் வருமானமும் அதே நிலத்தில்தான் இருக்கிறது. 2013 சட்டம் குத்தகைதாரரையும் விவசாயத் தொழிலாளியையும் பாதிக்கப்பட்ட குடும்பமாக ஏற்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை, வேலை, அல்லது ஒருமுறைத் தொகையாக 5 லட்சம், அல்லது மாதம் 2,000 ரூபாய் வீதம் இருபது ஆண்டு என்ற வாய்ப்புகளையும் எழுதி வைத்திருக்கிறது. ஆனால் 2015-இல் இந்த அட்டவணை நெடுஞ்சாலை எடுப்புக்கும் பொருந்தும் என்று ஆன பின்னும், சமூகத் தாக்க மதிப்பீடு அதற்குக் கட்டாயமாக்கப்படவில்லை. யார் அந்த நிலத்தை நம்பி வாழ்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் கட்டமே இல்லாதபோது, அட்டவணையில் உள்ள உரிமை யாரைத் தேடிப் போகும்? அந்தக் கணக்கெடுப்பைச் செய்யக் கூடாது என்று எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை.

ஆகவே உங்களிடம் ஐந்து காரியங்களைக் கேட்கிறேன். முதலாவது, விரிவான திட்ட அறிக்கையை முடிக்கும் முன், 3A அறிவிப்புக்கு முன்னதாகவே, வழித்தடத்திலுள்ள ஒவ்வொரு கைப்பற்றையும் புல எண்ணாகப் பிரிக்காமல் ஒரே பண்ணையமாகப் பாருங்கள். கிணறு, இணைப்பு, குழாய், கொட்டகை, தடம், வரத்துக்கால், உழுபவர், கூலிக்கு வருபவர் எல்லாம் அடங்கிய பதிவொன்றை வேளாண் துறை அலுவலரையும் உழவரையும் உடன் வைத்துத் தயாரியுங்கள். இரண்டாவது, மிஞ்சும் துண்டு பயிருக்குக் கட்டாது என்றால், விவசாயி விரும்பினால் அதையும் அதே விலைக்கு எடுங்கள். விரும்பாவிட்டால் அண்டை நிலத்தோடு மாற்றிச் சேர்க்க உதவுங்கள். மூன்றாவது, மாற்றுக் கிணற்றில் தண்ணீர் உறுதியாகி, மின்இணைப்பு மாறி, சாலைக்கடியில் பாசனக் குழாய் செல்லும் வழியும், கரும்பு லாரியும் கதிரறுக்கும் இயந்திரமும் நுழையத்தக்க கீழ்ப்பாலமும் முடிவான பிறகே பழைய கிணற்றைத் தொடுங்கள். நான்காவது, ஒவ்வொரு இழப்பீட்டுத் தீர்வாணையிலும் பிரிவுச் சேதத்துக்கும் வருமான இழப்புக்கும் தனிப் பத்தி வையுங்கள். சுழி என்று எழுதினால் ஏன் சுழி என்பதையும் எழுதுங்கள். ஐந்தாவது, நிற்கும் பயிரை அறுவடை செய்யவிட்டே நிலத்தைக் கைக்கொள்ளுங்கள். உடைமை எடுக்கும் நாளைப் பயிர்க் காலத்தோடு பொருத்துங்கள். இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதுச் சட்டம் வேண்டியதில்லை.

சாலையும் வேண்டும், சோறும் வேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்காது. வேறுபாடு கணக்கில் இருக்கிறது. ஒரு பண்ணையத்தின் உண்மையான இழப்பைத் திட்டச் செலவில் சேர்க்காதபோது சாலை மலிவாகத் தெரிகிறது. எழுதப்படாத மீதியை விவசாயி கட்டுகிறார். அந்த மீதியையும் சேர்த்த பிறகும் ஒரு வழித்தடம் லாபமானது என்று கணக்குச் சொன்னால், அதற்கு எதிராக நிற்க வலுவான நியாயம் யாருக்கும் இருக்காது. சேர்த்ததும் வேறொரு வழித்தடமோ, இருக்கும் சாலையை அகலப்படுத்துவதோ மேல் என்று தெரிந்தால், அதையே தேர்ந்தெடுக்கும் கடமை உங்களுடையது. இன்று உங்கள் மேசையில் இருக்கும் அடுத்த திட்டத்தின் பதிவேட்டிலிருந்தே இதைத் தொடங்குங்கள்: பரப்பு என்ற பத்திக்கு அருகில் பண்ணையம் என்று இன்னொரு பத்தியைச் சேர்த்து, அது நிரம்பிய பிறகே கையொப்பம் இடுங்கள்.

மரியாதையுடன்,
நிலத்தின் மீதும் உழுபவர் மீதும் அக்கறை கொண்ட ஒரு கட்டுரையாளர்